தெருவுக்கு ஒரு பட்டியல்: கடலூரும் புதுச்சேரியும் முதுமைக்குத் தயாராவது எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தொட்டவர்கள் 10.4 விழுக்காடு. பத்துப் பேரில் ஒருவர். மத்திய அரசு அமைத்த மக்கள்தொகை மதிப்பீட்டு வல்லுநர் குழு 2036 வரை கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் இது 20.8 விழுக்காடாக இருக்கும் என்கிறது அதன் அறிக்கை. ஐந்து பேரில் ஒருவர். இருபத்தைந்தே ஆண்டில் இரண்டு மடங்கு.

இந்த வேகம் புரிய, புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக உயர 115 ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் வைத்திருக்கும் வயது எல்லை வேறு, சரி. ஆனால் ஓய்வூதியம், மருத்துவமனை, வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் என்று ஒவ்வொன்றாக உருவாக்கிக்கொள்ள அவர்களுக்கு நான்கு தலைமுறை அவகாசம் இருந்தது. நமக்குக் கிடைத்தது ஒரு தலைமுறை. அதிலும் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயுள் கூடியது, பிள்ளைகள் குறைந்தார்கள். மக்கள்தொகை அப்படியே நிலைத்து நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 1.8, புதுச்சேரியின் எண் 1.5. அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் ஊரில் இருப்பதில்லை. விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். நெய்வேலியில் வேறொரு கதை: பணி ஓய்வு பெற்றதும் நகரியத்துக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் பழகிய அக்கம்பக்கத்தை விட்டுவிட்டு, வடலூரிலோ கடலூரிலோ மனை வாங்கிக் கட்டிய வீட்டில், யாரையும் தெரியாத தெருவில் முதுமை தொடங்குகிறது.

இதற்கெல்லாம் அரசு என்ன செய்கிறது என்று கேட்டால், திட்டங்களுக்குக் குறைவில்லை. எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. ஒரு தெருவில் வயதானவர்கள் யார் யார், அவர்களில் யார் நடமாட முடியாதவர், யாருக்கு இரவில் துணை இல்லை என்பதை மொத்தமாகத் தெரிந்து வைத்திருக்கும் ஆள் எந்த ஊரிலும் இல்லை. தயாராவது என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆளாளுக்கு ஒரு துண்டு

தகவல் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கிறது. ரேஷன் கடையில் ஒரு பட்டியல் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்துக்காக, வீட்டுக்கே கொண்டுபோய்ப் பொருள் கொடுக்க வேண்டிய முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கூட்டுறவுத் துறை குறித்து வைத்திருக்கிறது. தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் உதவித்தொகை வாங்குவோர் பட்டியல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரிடம் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குவோர் பட்டியல். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று 2024 தேர்தலில் வாய்ப்புக் கொடுக்கப்பட்ட 85 வயது கடந்தவர்களின் பட்டியல். ஆளாளுக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் கையில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது.

இந்தத் துண்டுகளையெல்லாம் ஒட்டினாலும் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சும். ரேஷன் அட்டையில் அப்பா, அம்மா, மகன், மருமகள், பேரன் என்று ஐந்து பெயர் இருக்கும். மகன் குடும்பம் திருப்பூருக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். அட்டையில் பெயரை எடுத்தால் அரிசி குறையும், பிள்ளைக்குப் பின்னால் ஏதாவது சான்றிதழ் வாங்கவும் சிக்கல் வரும் என்று அப்படியே விட்டிருப்பார்கள். ஆக, காகிதத்தில் அந்தக் கிழவனும் கிழவியும் கூட்டுக்குடும்பத்தில் வாழ்கிறார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் வரும் எண் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கும் அந்த ஆண்டு எடுக்கப்படவில்லை. 2011 கணக்கில் ஐம்பது வயதுக்காரராகப் பதிவானவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். ஊர்வாரியாக நம் கையில் இருக்கும் எண் அவ்வளவு பழையது.

தெருவில் நடந்து போகிறவர்களுக்கு இது தெரியும். பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். அவர்களிடம் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

முந்திரி உடைத்த விரல்கள்

பண்ருட்டிக்குத் தெற்கே காடாம்புலியூர், நடுக்குப்பம், காட்டுக்கூடலூர் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பார்க்கலாம். கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் அரித்துப் புண்ணாக்கும், கருப்பாகக் கறை பிடிக்கும். கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். இருபது முப்பது வருஷம் உடைத்தவர்களின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வாங்கிப் பார்த்தால் நுனி வழவழவென்று இருக்கும். ரேகை தேய்ந்திருக்கும்.

அந்த விரலை வைத்துத்தான் அவர் முதுமையில் எல்லாவற்றையும் வாங்க வேண்டும். ரேஷன் கடையில் விரலை வை, வங்கி முகவர் வரும் நாளில் விரலை வை. இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டும். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். இன்னொரு விரல், இன்னொரு கை. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கம்மா என்று பின்னால் நிற்கிறவர் சொல்வார். அன்றைக்குக் கிடைக்காவிட்டால் நாளைக்கு வர வேண்டும். நாளைக்கு என்பது மறுபடி ஒருவர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டிய நாள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கருவிழியைப் பதிவு செய்யும் கருவி பல கடைகளுக்கு வந்திருக்கிறது. கடைக்கு வர முடியாதவர், தனக்குப் பதில் இன்னாரிடம் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் அங்கீகாரப் படிவமும் நெடுநாளாக இருக்கிறது. அந்தப் படிவத்தைப் பற்றித் தெரியாதவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு ஊரில் ரேகை விழாதவர்கள் யார் என்று ஒரே ஒரு நாள் உட்கார்ந்து எடுத்துவிட்டால், அத்தனை பேருக்கும் அந்த வாரத்திலேயே படிவம் எழுதிக் கொடுத்துவிடலாம். செலவு ஒன்றும் இல்லை. இதைச் செய்ய மேலிடத்து உத்தரவும் வேண்டியதில்லை. முந்திரி உடைக்கும் ஊர்களில் இது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

மாத்திரை வீட்டுக்கு வருகிறது, அப்புறம்?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், அதே ஊர்க்காரர், கையில் பிரஷர் பார்க்கும் கருவியும் சுகர் பார்க்கும் கருவியும் மாத்திரைப் பையுமாக வீடு வீடாகப் போகிறார். 2024-இல் ஐ.நா.வின் விருதும் இதற்குக் கிடைத்தது. பாராட்ட வேண்டிய திட்டம்தான். மாத்திரையைவிட முக்கியம், மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒருவர் வாசலில் வந்து “எப்படிம்மா இருக்கீங்க, கால் வீக்கம் குறைஞ்சுதா?” என்று கேட்பது. அந்தப் பெண்ணுக்குத்தான் யார் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், யார் மறந்துபோய் அட்டையை அப்படியே தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார் என்பது தெரியும். மறதி நோயின் முதல் அறிகுறி பல வீடுகளில் இப்படித்தான் வெளியே வருகிறது.

ஆனால் மாத்திரையோடு முடியாத கட்டம் ஒன்று உண்டு. பக்கவாதம் வந்து படுத்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், புற்றுநோய் முற்றியவர். இவர்களுக்காக இத்திட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு இயன்முறைச் சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு செவிலியரும் உண்டு. கடலூர் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள், 683 ஊராட்சிகள். ஏறக்குறைய ஐம்பது ஊராட்சிக்கு ஒருவர் என்று வருகிறது. புண் வராமல் படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது தினசரி வேலை, சில சமயம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேலை. வாகனத்தில் வரும் செவிலியர் அதைக் கற்றுக்கொடுக்கத்தான் முடியும், செய்ய வேண்டியது வீட்டில் இருப்பவர். அந்த வீட்டில் இருப்பவரும் 68 வயது மனைவி என்றால்?

கேரளம் இந்த இடத்தில்தான் நமக்கு முன்னால் போனது. 1993-இல் கோழிக்கோட்டில் வலி நீக்கத்துக்கான ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது, சில ஆண்டுகளில் மலப்புறம் முழுக்க அக்கம்பக்கத்தவர் இயக்கமாக மாறியது. டீக்கடைக்காரர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று சாதாரண ஆட்கள் சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் கொஞ்ச நேரம் படுத்த நோயாளி வீட்டுக்குப் போனார்கள். 2008-இல் கேரள அரசு அதற்கு ஒரு கொள்கையே வகுத்து, உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. நாட்டிலேயே அதுதான் முதல். அங்கே செவிலியருக்குப் பின்னால் ஒரு தெரு நிற்கிறது. இங்கே தன்னார்வலர் தனியாகத்தான் நடக்கிறார். அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை மிகச் சிறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தண்ணீர் வரும்போது யார் தூக்குவது?

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 2004 சுனாமியில் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை என்று கரையோரம் முழுக்க ஓட முடியாதவர்களையே கடல் அதிகம் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கடலூரில் மழை விட்ட பிறகுதான் துன்பம் வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு, தாழங்குடா பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது.

அப்படி ஒரு நேரத்தில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவரை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருவது எப்படி நடக்கிறது தெரியுமா? பெரும்பாலும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் தூக்குவார்கள். இடுப்பளவு தண்ணீரில் மூன்றாவது ஆள் முன்னால் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே போவார். மாத்திரைப் பை, ஆதார், பாஸ்புக் மூன்றையும் ஒரு கவரில் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார்கள். கண்ணாடியும் பல்செட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். நிவாரண முகாமில் சாப்பாடு உண்டு. கழிப்பறைக்குப் போவதுதான் பெரும்பாடு. கரையோரத்தில் கட்டியிருக்கும் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையங்கள் வெள்ளத்துக்காக உயரமாகக் கட்டப்பட்டவை. ஏறி மேலே போனவர் ராத்திரி இரண்டு தடவை இறங்கி ஏற முடியாது என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார். சுகர்காரருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து போகும் கழிப்பறை ஒன்று, முடியாவிட்டால் நாற்காலிக் கழிப்பறை நான்கு வாங்கி வைத்தால்கூடப் போதும்.

பேரிடர் மேலாண்மைக்காக ஊருக்கு ஊர் முதல்நிலைப் பொறுப்பாளர்களைப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். பாம்பு பிடிக்கிறவர், நீச்சல் தெரிந்தவர், மரம் அறுக்கிறவர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தூக்கி வர வேண்டியவர்கள் யார் என்ற பட்டியலையும் அதே காகிதத்தின் மறுபக்கத்தில் எழுதினால், ஒருவருக்கு இரண்டு பேர் என்று முன்கூட்டியே பிரித்துவிடலாம். புயல் காலம் முடிந்ததும் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அதுவே மற்ற பத்து மாதங்களுக்கும் நான் மேலே கேட்ட தெருப் பட்டியல்.

மீனவக் குப்பங்களில் இப்படி ஒரு உயிருள்ள பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தார் வைத்திருக்கும் தலைக்கட்டுக் கணக்கு அது. வரி வாங்குவதும் திருவிழா நடத்துவதும் நிவாரணம் பிரிப்பதும் அதை வைத்துத்தான். ஒரு வீட்டில் யார் தொழிலுக்குப் போகிறார், யார் நிறுத்திவிட்டார் என்பது அதில் தெரியும். அரசு வைத்திருக்கும் எந்தப் பட்டியலையும்விட வேகமாகத் திருத்தப்படும் கணக்கு. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு: தலைக்கட்டு என்பது ஆணை வைத்து எண்ணுவது. புருஷனை இழந்து, மகனும் இல்லாமல், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கருவாடு காயவைத்துப் பிழைக்கும் ஆத்தா அந்தக் கணக்கில் தனி வீடாக வருவதில்லை. சுனாமி நிவாரணத்தின்போது பல குப்பங்களில் இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. முதுமையில் மிஞ்சுபவர்களில் பெண்களே அதிகம். அவர்களை எண்ணாத கணக்கு முதியோருக்கு உதவாது. பஞ்சாயத்தார் மனது வைத்தால் ஒரு கூட்டத்திலேயே திருத்திவிடக்கூடிய வழக்கம் இது.

மாதம் 1,200

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 2011-இல் ஆயிரம் ஆனது, 2023-இல் 1,200. நாளைக்கு நாற்பது ரூபாய். இதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். 2007-லிருந்து அந்த 200 ஏறவே இல்லை. பெண்ணையாற்றைத் தாண்டி புதுச்சேரிப் பக்கம் போனால் தொகை இதைவிட அதிகம். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காள் தங்கை, ஒருவர் பாகூரிலும் ஒருவர் கடலூரிலும் வாழ்க்கைப்பட்டிருந்தால் இந்த வித்தியாசம் பேச்சில் வராமல் போகாது.

ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் நிலையும் பெரிதாக மாறுபடவில்லை. சிப்காட்டிலும் சர்க்கரை ஆலையிலும் வருஷக்கணக்கில் பி.எஃப். கட்டியவருக்கு 1995 ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். 2014-இல் நிர்ணயித்தது.

புதுச்சேரியில் இன்னொரு வகை ஓய்வூதியம் உண்டு, அதைப் பார்த்தால் பணம் முதுமையை என்ன செய்கிறது என்று புரியும். 1962-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களுக்கும் (படைவீரர்களுக்கும்), அவர்கள் காலமான பிறகு மனைவிமாருக்கும் இன்றும் யூரோவில் ஓய்வூதியம் வருகிறது. உயிரோடிருப்பதற்கான சான்றை ஒழுங்காகக் கொடுத்தால் போதும். அந்த வீடுகளில் பாட்டியின் உடம்புக்கு ஏதாவது என்றால் குடும்பமே பதறும். பாசம் இல்லாமலா என்று கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனால் கையில் பணம் இருக்கும் பாட்டியைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருக்கிறது என்பதும் உண்மை. உதவித்தொகையை உயர்த்தக் கேட்பது கௌரவத்தைக் கேட்பது. உள்ளூர் அமைப்புகள் இதைத் தீர்மானமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சொத்து இருப்பவர்களுக்கு வேறு பயம். வீட்டைப் பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த மறுமாதமே பேச்சு மாறிப்போன வீடுகள் நம் எல்லோருக்கும் தெரியும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் மனு கொடுக்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால்தான் ரத்து செய்ய முடியும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025-இல் வந்த தீர்ப்புகள், உச்ச நீதிமன்றத்தினுடையதும் நாகப்பட்டினத்து வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தினுடையதும், முதியோர் பக்கம் தாராளமாகப் பொருள் கொண்டன. தாராளத்தை நம்பி இருக்க வேண்டாம். “என்னைக் கடைசிவரை வைத்துப் பராமரிக்க வேண்டும்” என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர்கள் கேட்காமலே இதைச் சொல்லும் பழக்கம் வந்தால் எத்தனையோ வழக்கு மிச்சம்.

காலியாகும் வகுப்பறை, எரியும் அடுப்பு

பிள்ளைகள் குறைந்ததால் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் சேர்க்கை குறைந்துகொண்டே போகிறது. நான்கு அறை இருக்கும் பள்ளியில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. சத்துணவுக் கூடத்தில் நூறு பேருக்குச் சமைத்த பாத்திரத்தில் இன்று இருபது பேருக்குச் சமைக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவேளை வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூன்று வேளை சாப்பிடுகிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்கு ஏன் தோன்றவில்லை?

நம் மாவட்டத்துக்கு இது அந்நியமான யோசனையே கிடையாது. வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867 மே 23-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். அரசுக்கும் இது புதிதில்லை: சத்துணவுத் திட்டம் தொடங்கிய மறு ஆண்டே, 1983-இல், முதியோர் உதவித்தொகை பெறுகிறவர்களையும் அதில் சேர்த்தார்கள். பள்ளிக்கூட அடுப்பிலேயே தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் மதியச் சாப்பாடு சமைத்து, நடக்க முடிந்தவர்கள் பூட்டிக் கிடக்கும் அறையில் வந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். நடக்க முடியாதவர்களுக்கு டிபன் கேரியரில் அனுப்பலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அன்புச்சோலை என்ற பெயரில் 25 பகல்நேர முதியோர் மையங்களை அறிவித்தார்கள், நகரங்களுக்கு. கிராமத்துக்கு அப்படி ஒரு மையம் வேண்டுமென்றால் கட்டடமும் அடுப்பும் ஊரிலேயே இருக்கின்றன. நானாக இருந்தால் புதுக் கட்டடத்துக்கு ஒரு ரூபாய்கூட கேட்க மாட்டேன், சமையலருக்குக் கூடுதல் சம்பளம் கேட்பேன்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. இரண்டு படி ஏற வேண்டும், தரை எப்போதும் ஈரம், விளக்கு சுவிட்ச் வீட்டுக்குள். இடுப்பு எலும்பு முறிவது பெரும்பாலும் அந்த இருபது அடிக்குள்தான். சுவரில் ஓர் இரும்புப் பிடி, சொரசொரப்பான தரை, விடியவிடிய எரியும் சின்ன பல்பு. சில நூறு ரூபாய் வேலை. ஊர் இளைஞர் மன்றங்கள் பொங்கல் விளையாட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை எடுத்தால் ஒரு தெருவையே முடித்துவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். ஊரில் அதை நின்று செய்து முடிக்க ஆள் கிடைக்காததுதான் அவர்களின் கவலை.

யாரிடம் கேட்பது?

இத்தனையையும் கையில் எடுக்க வேண்டியது உள்ளாட்சி. அங்கேதான் பெரிய தடை. கடலூர் மாவட்ட ஊராட்சிகளுக்குக் கடைசியாக 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஒரு தனி அலுவலர் எத்தனையோ ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும். தெருவில் யார் படுத்த படுக்கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? புதுச்சேரி இதைவிட மோசம். 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே கிடையாது. பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு பாட்டிக்குக் கழிப்பறைக் கைப்பிடி வேண்டுமென்றால் கேட்கக்கூடிய மிக அருகிலிருக்கும் மக்கள் பிரதிநிதி எம்.எல்.ஏ. உதவித்தொகைக்கும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள்.

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை என்ற இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அக்டோபர் 1 உலக முதியோர் தினம். மறுநாள் காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை. அந்தக் கூட்டத்தில் வாசிக்கப்படும் தீர்மானங்களோடு ஊரின் முதியோர் பட்டியலையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பது எந்த வாக்காளருக்கும் உள்ள உரிமை. தனியாக இருப்பவர், ரேகை விழாதவர், படுக்கையில் இருப்பவர், வெள்ளத்தில் தூக்க வேண்டியவர் என்று நான்கு பத்தி போதும். நோய் விவரத்தையெல்லாம் சபையில் படிக்கக் கூடாது, அது அவரவர் மானம். எண்ணிக்கையைப் படித்தால் போதும். பெயர்கள் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலரிடமும் வி.ஏ.ஓ.விடமும் முதல்நிலைப் பொறுப்பாளரிடமும் இருக்கட்டும். பட்டியல் எழுதப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இரண்டு நாள் அனுப்பலாம், பெரியவர்கள் அவர்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

புதுச்சேரியில் அந்தச் சபைக்கும் வழியில்லாத நிலையில், குடியிருப்போர் நலச்சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், மாதா கோயில் பங்குகள், பள்ளிவாசல் ஜமாத்துகள், மீனவப் பஞ்சாயத்துகள் தத்தம் எல்லைக்குள் இதைத் தொடங்கலாம். ஒவ்வொன்றும் தன் ஆட்களை மட்டும் எண்ணினால் யாரோ ஒருவர் விடுபட்டுப் போவார் என்பதால், தெருவை அலகாக வைத்துக்கொள்ள வேண்டும்: அந்தத் தெருவில் யார் குடியிருந்தாலும், வாடகைக்கு இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பட்டியலில் வர வேண்டும். தொல்லைக்கு ஆளாகும் முதியவர் யாராவது கண்ணில் பட்டால் 14567 என்ற இலவச எண் இருக்கிறது, காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை எடுப்பார்கள். அந்த எண்ணை ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில், நிற்கிறவர் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு எழுதி வைக்கலாம்.